ஹாஸ்கல் போட்ட ஓட்டை

ஆரின் ஹாஸ்கல் பெரிய புத்திசாலி என்று ஹார்லோ ஃபால்ஸ் ஊரே பதினெட்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் ஒரு நாளும் ஆமாம் என்றதில்லை. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவார். அதற்கும் அடக்கம் என்று ஒரு பேர் வைத்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒருவரைப் பாராட்ட ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. பாராட்டப்படுகிறவர் முகம் ஏன் சுண்டிப் போகிறது என்று பார்க்கவும் தெரியாது.

இத்தனை பாராட்டும் ஓர் ஓட்டைக்கு. ஒரு பழக்கூடையின் அடியில் ஆரின் போட்ட ஓட்டை. ஆனால் அவருடைய கதை அந்தக் கூடையில் ஆரம்பிக்கவில்லை, விரலில் ஆரம்பித்தது.

பதினான்கு வயதில் காகித ஆலையில் கூழுக்கான கந்தல் துணி பிரிக்கும் வேலைக்குச் சேர்ந்தவர் ஆரின். பத்தொன்பதாவது வயதில் கந்தல் வெட்டும் இயந்திரம் வலக்கையில் இரண்டு விரலைக் கந்தலோடு கந்தலாக இழுத்துக்கொண்டது. ஒரு வாரம் ஓய்வு கொடுத்தார்கள். அதற்குப் பிறகு எந்த மேஸ்திரியும் அவரை இயந்திரத்தின் பக்கத்தில் நிறுத்தவில்லை. மூட்டை தூக்கினார், பனி வாரினார், தர்சாவைக் கல்யாணம் செய்துகொண்டார். ஆற்றங்கரை ஓரத்தில் ஆலைக் குடியிருப்பு ஒன்றில் அவளோடு ஒன்பது குளிர்காலம் இருந்தார். அந்த வீட்டுச் சுவரில் கையை வைத்தால் ஈரம் ஒட்டும். ஐந்தாவது குளிர்காலத்தில் அவர்களுடைய ஏழு மாதப் பெண் குழந்தை இருமி இருமிப் போய்ச் சேர்ந்தது. அந்த இருமல் தர்சாவிடம் தங்கிவிட்டது.

அதனால்தான் இளைஞர் சங்கக் கட்டடம் எழுந்து, அதற்குக் காவலாளியாக அவரைக் கூப்பிட்டபோது, ஆரின் வேலை என்ன என்றுகூடக் கேட்கவில்லை. கீழ்த்தளத்தில் கொதிகலனுக்குப் பின்னால் இரண்டு அறைகளைக் குடியிருக்கக் கொடுத்தார்கள். ஜன்னல் என்று சொல்லிக்கொள்ள ஒரு சின்னக் கண்ணாடி. தெருவில் போகிறவர்களின் பூட்ஸ் மட்டும் தெரியும். ஆனால் சுவர் ரொட்டி மாதிரி வெதுவெதுவென்று இருந்தது. குடி வந்த அன்று தர்சா இரண்டு கையையும் சுவரில் வைத்து, கன்னத்தையும் வைத்து, வெகு நேரம் நின்றாள்.

"என்ன, சுவருக்கு முத்தம் குடுக்கிறியா?" என்றார் ஆரின்.

"உங்களுக்குக் குடுத்ததைவிட இதுக்கு ஜாஸ்தி குடுப்பேன்" என்றாள் தர்சா.

டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு மருந்துதான் சொன்னார். காய்ந்த சூடு. குளிர்காலத்தில் இவளை ஈரத்திலும் குளிரிலும் வைத்தால் வசந்தத்தைப் பார்க்க மாட்டாள் என்றார். அன்றிலிருந்து ஆரினுக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்தான். அந்த இரண்டு அறையும் கையை விட்டுப் போய்விடக் கூடாது.

1892 ஜனவரியில் சங்கத்தின் உடற்பயிற்சி மாஸ்டர் செல்டன் ஸ்பிரிங்ஃபீல்டு போய்விட்டு ஒரு காகிதத்தோடு திரும்பினார். பதின்மூன்று விதிகள். அந்த ஊர்ப் பயிற்சிப் பள்ளியில் குளிர்காலத்துக்கென்று புதிதாக ஓர் ஆட்டம் கட்டியிருக்கிறார்களாம்.

"ஆரின், ரெண்டு கூடை வேணும்."

"எதுக்கு சார், துணி போடவா?"

"பந்து போட."

"பந்து போட்டு வைக்கத்தான் அலமாரி இருக்கே சார்."

"போட்டு வைக்க இல்லய்யா, எறிஞ்சு போட. பீச் பழம் வருமே, அந்தக் கூடை. கூடத்தைச் சுத்தி மேல இருக்கே, அந்த மாடத்துக் கைப்பிடியில ரெண்டு பக்கமும் ஆணி அடிச்சு மாட்டணும்."

"பெரிய ஆம்பிளைங்க கூடையில பந்து போடறதா?" என்று கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு தேடப் போனார். ஜனவரியில் பீச் பழத்துக்கு எங்கே போவது? பழக்கடையில் பழைய கூடை ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று வீட்டில் இருந்தது. தர்சா கம்பளி நூல் போட்டு வைத்திருந்த கூடை. பிரம்பு கையைக் குத்தாமல் இருக்க விளிம்பு முழுக்கச் சிவப்பு நூல் சுற்றியிருந்தாள்.

"என் நூலை எங்க போடறதாம், உங்க தலையிலயா?" என்றாள். கொடுத்தும்விட்டாள். அந்தக் கட்டடத்துக்கு அவள் எதையும் கொடுக்கத் தயாராக இருந்தாள்.

ஆட்டத்தைப் பார்த்த முதல் நாள் ஆரினுக்கு வயிறு எரிந்தது. அவர் மெழுகு போட்டுப் போட்டு வளர்த்த தரை அது. அதன்மேல் பதினெட்டுப் பேர் குதிரை மாதிரி ஓடினார்கள். பந்து கோட்டைத் தாண்டி வெளியே போனால் முதலில் தொட்டவன் பக்கத்துக்குத்தான் சொந்தம் என்று விதி. ஆகவே பந்து மேல்மாடத்தில் விழுந்தால், இரண்டு பக்கத்தாரும் மாடிப்படியில் முட்டி மோதிக்கொண்டு ஏறுவார்கள். உட்கார்ந்திருக்கும் பெண்களின் தொப்பியும் குடையும் காலில் மிதிபடும். ஒருத்தனைப் பந்தென்று நினைத்து இன்னொருத்தன் கட்டிப் பிடித்த கதையும் உண்டு. அவர்கள் போன பிறகு படியில் கிடந்த சட்டைப் பொத்தான்களை ஆரின் தினம் பொறுக்குவார்.

ஆனால் கூடைக்குள் விழுந்த பந்து அங்கேயே உட்கார்ந்துகொள்ளும், தானாக வெளியே வராது. பத்தடி உயரம். ஏணி வைத்து எடுத்துப் பார்த்தார்கள். ஓடுகிறவன் ஏணியில் மோதி விழுந்தான். அதனால் மாடத்தில் கூடைக்கு நேர் மேலே ஒரு முக்காலி போட்டு ஆரினை உட்கார வைத்தார்கள். கோல் விழுந்ததும் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டுப் பந்தை எடுத்துக் கீழே போட வேண்டும். எதிர்க்கூடைக்கு ஓய்வுபெற்ற கல்தச்சர் ஒருவர்.

அந்த மூன்று விரல் கை அதற்கென்றே செய்தது போல அமைந்துவிட்டது. கொக்கி மாதிரி உள்ளே போகும், பந்தின் தையலைப் பிடிக்கும், தூக்கும். "ஹாஸ்கல் கை, ஹாஸ்கல் கை" என்று மாடமே கத்தும். இருபது வருஷமாகக் கோட்டுப் பைக்குள் ஒளித்து வைத்த கை. முதல் தடவையாக ஊரே அதைப் பார்த்துக் கைதட்டியது. ஆரினுக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்ன, ஆட்டம் இல்லாத நாளில் கை பரபரத்தது. கோல் என்ற கூச்சல் கேட்டால் யோசிப்பதற்கு முன்னாலேயே கை போய்விடும்.

அங்கேதான் வினை வந்தது. அடுத்த குளிர்காலத்தில், 1893 ஜனவரியில், ஓர் ஆட்டத்தில் பந்து கூடைக்குள் அடங்குவதற்கு முன்பே ஆரின் எடுத்துவிட்டார். விழுந்ததா, குதித்து வெளியே வரப் பார்த்ததா என்று அரை மணி நேரம் சண்டை. சங்கத்தில் டம்பெல்லும் கர்லாக்கட்டையும் சுற்றும் பழைய ஆட்களுக்கு ஏற்கெனவே இந்த ஆட்டத்தின்மேல் கடுப்பு; ஜன்னல் உடைகிறது, தங்களுக்குத் தரை கிடைப்பதில்லை என்று. செயலாளர் லோத்ராப்பிடம் போய் மளமளவென்று கொட்டிவிட்டார்கள். அவர் ஆரினைக் கூப்பிட்டார்.

"ஹாஸ்கல், உன்னைப் பந்து எடுக்கத்தான் வச்சிருக்கு. ஆட்டம் ஆட இல்ல."

"தப்புத்தான் சார்."

"இன்னொரு தடவை உன் கையால ஒரு தகராறு வந்துதுன்னா, வேற காவலாளி பார்த்துக்குவேன். உனக்குப் புரியும்படி சொல்லிட்டேன்."

ஆரினுக்குப் புரிந்தது. காவலாளி மாறினால் கீழே இருக்கும் இரண்டு அறைக்கும் ஆள் மாறும். வெளியே அன்று பூஜ்யத்துக்குப் பத்து டிகிரி கீழே.

அந்தக் குளிர்காலத்தில் அவர்களுக்கு ஜோதம் க்ரேன் பழக்கமாகியிருந்தான். ஆற்றுக்கு அக்கரையில் சாயப் பட்டறை; அதில் வேலை செய்யும் இருபத்திரண்டு வயதுப் பையன். முழங்கை வரை நீலம். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அக்கரைக் குழுவுக்கு உயரமான கூடம் கிடையாது என்பதால் புதன்கிழமை தோறும் எங்கள் சங்கத்தில் வந்து ஆடிப் பழகுவார்கள். மற்றவர்கள் ஆரினைத் தாண்டிக்கொண்டு போவார்கள். ஜோதம் மட்டும் வாசலில் பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தரை ஓரமாக நடந்து போவான். அந்த ஒரு காரியத்துக்காகவே ஆரின் அவனுக்கு உயிரைக் கொடுத்திருப்பார்.

அவன் அப்பாவுக்கு அக்கரையில் ரொட்டிக்கடை. வரும்போது காகிதத்தில் சுற்றி ஒரு சூடான ரொட்டி கொண்டுவருவான்.

"அண்ணிக்கு" என்பான். கீழே இறங்கிப் போய்க் கொடுத்துவிட்டு, கொதிகலன் அருகில் இரண்டு நிமிஷம் நிற்பான்.

"எப்படி இருக்கு தம்பி எங்க அரண்மனை?" என்பாள் தர்சா.

"இது ஒரு சூடா அண்ணி? எங்க வீடு ரொட்டி அடுப்புக்கு மேல. ஜனவரியிலயும் ஜன்னலைத் தொறந்து வச்சுத்தான் தூங்குறோம். இல்லேன்னா நாங்களும் வெந்து பொன்னிறமா வந்துருவோம்."

தர்சா இருமும்வரை சிரிப்பாள். அவனுக்கென்று சாம்பல் நிறத்தில் ஒரு ஜோடி காலுறை பின்ன ஆரம்பித்தாள்.

ஜோதத்துக்கு ஒரு கனவு இருந்தது. ஸ்பிரிங்ஃபீல்டு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து மாஸ்டர் ஆவது. அதற்கு நன்னடத்தைக் கடிதம் ஒன்று லோத்ராப் எழுதித் தர வேண்டும். சரி, எழுதுகிறேன் என்று அவரும் சொல்லியிருந்தார்.

"செப்டம்பர்ல போயிடுவேண்ணே. அப்புறம் ஒரு வருஷத்துல இந்தக் கை வெளுத்துடும்" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். ஆரின் பதிலுக்குத் தன் மூன்று விரலைக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பிப்ரவரி மூன்றாவது சனிக்கிழமை, ஆலைகள் மூடிய பிறகு, மத்தியானம் எங்கள் ஊருக்கும் அக்கரைக்கும் பெரிய ஆட்டம். மாடம் நிறைந்து படியெல்லாம் ஆட்கள். எங்கள் பக்கத்துக் கூடை, அதாவது அக்கரைக்காரர்கள் போட வேண்டிய கூடை, சிவப்பு நூல் சுற்றிய தர்சாவின் கூடை. அதற்கு மேலே முக்காலியில் ஆரின். அவருக்குப் பின்னால் இரண்டடி தள்ளி லோத்ராப் கைகட்டிக்கொண்டு நின்றார்.

இரண்டுக்கு இரண்டு. அந்தக் காலத்தில் ஒரு கோல் விழுந்தால் ஒரு புள்ளிதான். ஓர் ஆட்டத்தில் ஐந்து கோல் பார்த்தால் வீட்டுக்குப் போய்ப் பேசலாம். முடிய ஒரு நிமிஷம்கூட இல்லை. கூடத்தின் நடுவிலிருந்து ஜோதம் இரண்டு நீலக் கையாலும் பந்தை எறிந்தான். பந்து உயர வந்தது, கைப்பிடியில் பட்டது, கூடையின் விளிம்பில் வந்து உட்கார்ந்தது. உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. விளிம்புக்கும் கைப்பிடிக்கும் நடுவில் அசையாமல் நின்றது.

அக்கரைக்காரர்கள் "கோல்!" என்று கத்தினார்கள்.

கை போய்விட்டது. ஆரின் அனுப்பவில்லை, அதுவாகப் போனது. விரல் பந்தின் தையலைத் தொட்ட பிறகுதான் அது உள்ளே விழவில்லை என்று அவருக்கு உறைத்தது. வெடுக்கென்று இழுத்தார். மணிக்கட்டு விளிம்பில் இடித்தது. கூடை ஆடியது. பந்து வெளிப்பக்கமாகச் சரிந்து தரையில் விழுந்தது.

நடுவர் மூன்றாவது ஊர்க்காரர், கண்டிப்பான மனுஷன். ஊதலை ஊதினார். கூடம் அடங்கியது. செல்டன் மாஸ்டர் கொண்டுவந்த அந்தக் காகிதத்தில் தெளிவாக இருந்தது: பந்து விளிம்பில் நிற்கும்போது தடுக்கும் பக்கத்தார் கூடையை அசைத்தால் அது கோல். முக்காலியில் உட்கார்ந்திருப்பவரும் உள்ளூர்க்காரர். அந்தப் பக்கத்தில்தான் சேர்த்தி.

நடுவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "கூடை ஆடினதைப் பார்த்தேன். எதனால ஆடிச்சுன்னு இங்கிருந்து தெரியல. ஏம்ப்பா, உன் கை பட்டுதா?"

ஆரினுக்குத் தன் முதுகில் லோத்ராப்பின் பார்வை தெரிந்தது. தரைக்கு அடியில் கொதிகலன் உறுமுவது முக்காலிக் கால் வழியாகத் தெரிந்தது. அதன் பக்கத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு தர்சா காலுறை பின்னிக்கொண்டிருப்பாள். பிப்ரவரி முடிய இன்னும் பத்து நாள். அப்புறம் மார்ச்.

"இல்ல சார்" என்றார். "பந்து இடிச்சுத்தான் ஆடிச்சு."

கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. கோபமாகக்கூட இல்லை. "அண்ணே?"

ஜோதம் கூடைக்கு நேர் கீழே நின்றிருந்தான். "உங்க கை பட்டுச்சுண்ணே. நான் பாத்தேன். சொல்லுங்க."

"படல."

"என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்கண்ணே."

ஆரின் பார்த்தார். பார்த்துக்கொண்டே, "படல" என்றார். நாற்பது வருஷத்தில் அவர் சொன்ன பொய்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அவருக்கிருந்த எட்டு விரல் போதும். அன்று மூன்று பொய்யைப் பத்து நொடியில் சொல்லிவிட்டார்.

ஜோதம் மாடிப்படியில் பாய்ந்து ஏறினான். பந்துக்கு எத்தனையோ தடவை அப்படி ஏறியவன்தான். கூட்டமும் பழக்கத்தில் வழி விட்டது. வந்து ஆரினின் சட்டைக் காலரைப் பிடித்தான். "யோவ், பொய் சொல்லாதய்யா! உனக்கு நான் என்னய்யா பண்ணேன்?" உள்ளூர் ஆட்கள் நாலு பேர் அவனை இழுத்தார்கள். கைப்பிடிக் கம்பி ஒன்று முறிந்தது. யாரோ ஒரு பெண் அலறினாள். ஜோதத்தின் உதட்டில் ரத்தம் வந்தது. அவன் யாரையும் அடிக்கவில்லை. காலரை மட்டும் விடவில்லை.

ஆட்டம் சமம் என்று முடிந்தது. சங்கத்துக் கட்டடத்துக்குள் ஜோதம் க்ரேன் இனிமேல் கால் வைக்கக் கூடாது என்று அங்கேயே அறிவித்தார் லோத்ராப். பிறகு ஆரினின் தோளைத் தட்டினார். "பயப்படாதே. நீ நேர்மையான ஆளுன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

கீழே போனபோது, "யாரு ஜெயிச்சா?" என்று கேட்டாள் தர்சா.

"யாரும் ஜெயிக்கல. சமம்."

"ஜோதம் ரொட்டி குடுக்காமலே போயிட்டானே?"

"அவசரமாம்."

திங்கட்கிழமை காலையில் லோத்ராப்பின் அறையைக் கூட்டும்போது குப்பைக் கூடையில் கிழித்துப் போட்ட கடிதம் ஒன்று இருந்தது. நல்ல எழுத்து. "ஜோதம் க்ரேன் என்னும் இளைஞர் உண்மையும் ஒழுக்கமும்" என்ற வரைக்கும் ஒரு துண்டில் இருந்தது. மிச்சத்தை ஆரின் ஒட்டிப் பார்க்கவில்லை. குப்பையெல்லாம் கொதிகலனுக்குத்தான் போகும். அதுவும் போனது.

அதே காலையில் துளைக்கருவியை எடுத்துக்கொண்டு மாடத்துக்குப் போனார். தர்சாவின் கூடையைக் கழற்றி, அடியில் முஷ்டி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை போட்டார். எதிர்க்கூடைக்கும் அப்படியே. நீளமான துடைப்பக் கட்டை ஒன்றைச் சீவி வைத்தார். கோல் விழுந்தால் இனி ஒருத்தன் கீழே நின்று கட்டையால் குத்த வேண்டியது, பந்து எகிறி வெளியே விழும். மேலே முக்காலியும் வேண்டாம், ஆளும் வேண்டாம். அந்த விளிம்புக்குப் பக்கத்தில் தன் கை இனி ஒரு நாளும் போகக் கூடாது. அவருக்குத் தோன்றியது அவ்வளவுதான்.

செல்டன் மாஸ்டர் பார்த்துவிட்டுக் குதித்தார். "அடடா, ஆரின்! இது ஏன் நமக்குத் தோணல? நேரம் எவ்வளவு மிச்சம்!" ஊர் பிடித்துக்கொண்டது. மற்ற ஊர்களிலும் அவரவர்கள் இந்த மாதிரி ஏதோ ஒன்று செய்துகொண்டுதான் இருந்திருப்பார்கள். ஆனால் எங்கள் ஊர்க்காரர்களிடம் அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும்! ஹாஸ்கல் ஓட்டை, ஹாஸ்கல் கட்டை என்று பேர் வைத்தார்கள். லோத்ராப் ஆண்டு விழாவில் இரண்டு வாக்கியம் பேசினார். ஆரினுக்கு அந்த இரண்டு அறையும் உறுதியாகிவிட்டன.

ரொட்டி வருவது நின்றுபோனது. தர்சா புதன்கிழமைகளில் படிப் பக்கம் காதை வைத்துக்கொண்டிருப்பாள்.

"அந்தப் பையன் ஏங்க வரதில்ல? நான் எதாவது தப்பாப் பேசிட்டனா?"

"வேலை ஜாஸ்தியாம்."

"காலுறை முடிஞ்சிடுச்சு. நீங்களாவது அக்கரைப் பக்கம் போகும்போது குடுத்துடுங்க."

"குடுக்கிறேன்."

அவளிடம் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாயெடுத்தார். சொன்னால் அடுத்த நிமிஷமே எழுந்து சால்வையைப் போர்த்திக்கொண்டு பாலத்தைத் தாண்டி நடந்து போய்விடுவாள் என்று தெரியும். அந்தக் காற்றில் பாலத்தின் பாதி வரைக்கும்கூட அவளால் போக முடியாது. ஆகவே சொல்லவில்லை. குளிர்காலம் முடிந்தது. வசந்தத்தைத் தர்சா பார்த்துவிட்டாள். மே மாதம், ஆப்பிள் மரங்கள் பூத்த வாரத்தில், வெதுவெதுப்பான சுவரின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இறந்துபோனாள். ஜோதம் தன்னை மறந்துவிட்டான் என்ற குறை அவளுக்குக் கடைசி வரை இருந்தது.

அவளை அடக்கம் செய்த மறுநாளே ஆரின் போயிருக்கலாம். இனி இழக்க என்ன இருக்கிறது என்று நமக்குத் தோன்றும். ஆனால் மனுஷன் ஒரு பொய்யை எதற்காகச் சொன்னானோ அதுவும் போன பிறகு, அந்தப் பொய்யைத் தூக்கிக்கொண்டு போய் ஒருவன் முன்னால் வைப்பது இன்னும் கஷ்டம். அடுத்த வாரம் என்றார். செப்டம்பர் வந்தது, ஸ்பிரிங்ஃபீல்டுக்கு யார் யாரோ போனார்கள். ஜோதம் பட்டறையிலேயே இருந்தான். தெருவில் தூரத்தில் நீலக் கை தெரிந்தால் ஆரின் சந்துக்குள் திரும்பிவிடுவார். இவ்வளவு சின்ன ஊரில் பதினெட்டு வருஷம் ஒருவன் கண்ணில் படாமல் இருப்பது லேசான வேலை இல்லை. அதில் அவர் உண்மையாகவே புத்திசாலிதான்.

ஆட்டம் மாறிக்கொண்டே போனது. மாடத்தில் இருப்பவர்கள் எட்டிப் பந்தைத் தட்டிவிடுகிறார்கள் என்று கூடைக்குப் பின்னால் பலகை அடித்தார்கள். பிரம்புக் கூடை போய் இரும்பு வளையம் வந்தது. அப்புறம் அடியே இல்லாத வலை. பந்து தானே உள்ளே விழுந்து தானே வெளியே வந்தது. பதினெட்டுப் பேர் பத்துப் பேரானார்கள். ஆரின் கீழே அந்த இரண்டு அறையில் தனியாக இருந்தார். ஜனவரியிலும் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு தூங்கினார். ஹாஸ்கலுக்கு உடம்பு இரும்பு என்று அதையும் பாராட்டினார்கள்.

1911 அக்டோபரில் சங்கத்துக்குப் புதுக் கூடம் திறந்தார்கள். ஒரு சனிக்கிழமை காலை. பழைய கூடையைப் பரணிலிருந்து தேடி எடுத்து, தூசி தட்டி, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். சிவப்பு நூல் பழுப்பாகியிருந்தது. பக்கத்தில் ஓர் அட்டை: "இக்கூடையில் துளை அமைத்தவர் நமது ஹாஸ்கல்." புதுச் செயலாளர் பெல்லோஸ், சிரித்த முகமான இளைஞர், அவரை மேடைக்குக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்.

ஆரின் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பேசினார்.

"இது என் பொண்டாட்டி கூடை. ஓட்டை போட்டது புத்தியால இல்ல. தொண்ணூத்து மூணுல அக்கரைக்காரங்களோட நடந்த ஆட்டத்துல என் கை இதுமேல பட்டுது. படலன்னு பொய் சொன்னேன். அது கோல். ஜோதம் க்ரேன் போட்ட கோல். அவன் சொன்னதுதான் உண்மை."

பின்வரிசையிலிருந்து ஒருவர், "அய்யய்யோ, அப்ப நாம தோத்துட்டமா!" என்றார். கூடமே வெடித்துச் சிரித்தது. கைதட்டினார்கள். பெல்லோஸ் வந்து கையைக் குலுக்கினார். "ஒரு கோல்தானே பெரியவரே! பதினெட்டு வருஷம் மனசுல வச்சிருந்தீங்களா? என்ன மனுஷன்யா நீங்க!" என்றார். கேக் வெட்டக் கூப்பிட்டார்கள். அட்டையை யாரும் எடுக்கவில்லை.

ஆரின் கீழே தன் அறைக்குப் போனார். துணிப் பெட்டியின் அடியிலிருந்து சாம்பல் நிறக் காலுறையை எடுத்துக் கோட்டுக்குள் வைத்தார். பாலத்தைத் தாண்டி நடந்தார்.

மத்தியானச் சங்கு ஊதிச் சாயப் பட்டறை ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஜோதத்துக்கு இப்போது நாற்பது வயது. தலை முன்பக்கம் வழுக்கை. கை அதே நீலம். ஆரினைப் பார்த்ததும் நின்றான். மற்றவர்களைப் போகச் சொன்னான்.

"வாங்க பெரியவரே" என்றான். அண்ணே என்று சொல்லவில்லை.

"என் கை பட்டுது ஜோதம்."

"தெரியும்."

"கோல் அது."

"அதான் தெரியும்னு சொல்றேனே. நீங்க வந்து சொல்லுவீங்கன்னு மொத வருஷம் முழுக்க ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வீட்லயே இருந்தேன். அப்புறம் விட்டுட்டேன்."

ஆரின் காலுறையை நீட்டினார். "தர்சா பின்னினது. உனக்குத்தான். அன்னைக்கே குடுக்கச் சொன்னா."

ஜோதம் வாங்கவில்லை. "எதுக்குங்க பொய் சொன்னீங்க? அதை மட்டும் சொல்லுங்க. உங்க ஊரு தோக்கக் கூடாதுன்னா?"

"ஊரு கெடக்குது. லோத்ராப் வேலைய விட்டுத் தூக்கிடுவேன்னு சொல்லியிருந்தாரு. வேலை போனா அந்த ரெண்டு ரூமும் போயிடும். அவளுக்குக் காஞ்ச சூடு வேணும்னு டாக்டர் சொன்னாரு. இல்லேன்னா அந்தக் குளிர்காலம் தாங்க மாட்டான்னாரு."

அவன் முகத்தில் பதினெட்டு வருஷக் கோபம் எங்கே போவது என்று தெரியாமல் நின்றது.

"ரெண்டு ரூமுக்காகவா?" என்றான். "எங்க அடுப்புக்கு மேல ரெண்டு ரூம் அந்த வருஷம் சும்மாத்தானே கெடந்துது. அக்கா புருஷனோட வொர்செஸ்டர் போனதுலேர்ந்து காலி. ஜன்னலைத் தொறந்து வச்சுத் தூங்குறோம்னு உங்க வீட்ல நின்னுதானே சொன்னேன். அண்ணி எப்படிச் சிரிச்சாங்க! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே வண்டி கட்டிட்டு வந்து கூட்டிட்டுப் போயிருப்பேனே அண்ணே."

ஆரின் கையை நீட்டியபடியே நின்றார். ஜோதம் அந்த மூன்று விரலிலிருந்து காலுறையை மெதுவாக எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டான். பிறகு ரொட்டிக்கடைப் பக்கம் நடந்தான்.